பெரியவள் எழுதிய லேபிள்

அன்று காலை மாடியிலிருந்து முதலில் இறங்கி வந்தது வாசனைதான். சின்னவள் அதற்குப் பின்னால்தான் வந்தாள்.

கீழே கடையில் குஷன்களைத் தட்டித் தட்டி சோபாவில் சாய்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்குத் தும்மலே வந்துவிட்டது. வேறு யாராவது இப்படி சென்ட்டில் குளித்துவிட்டு வந்திருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் இவளா? காது மடலுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துவிட்டு, அதுவே அதிகமோ என்று விரலால் ஒற்றி எடுக்கிறவள் ஆயிற்றே!

"என்னடி இது, பாட்டிலையே தலையில கவுத்துக்கிட்டியா?"

சின்னவள் படியிலேயே நின்றாள். "ஏன், அதிகமாவா இருக்கு?"

"தெருமுனை வரைக்கும் மணக்குது. யாரை மயக்க இவ்வளவும்?"

"யாரையும் இல்ல. கை தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி மாடிக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கை தவறியதாம். கை தவறினால் சிரிப்பார்கள், இப்படிப் பேயறைந்த மாதிரியா ஓடுவார்கள்? பெரியவளின் மனதில் முதல் முள் அன்றைக்குத்தான் தைத்தது.

அவர்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. 'அக்கா தங்கச்சி கடை' என்று கேட்டால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். முன்கட்டில் வீட்டை அழகுபடுத்தும் சாமான்கள்: விளக்கு, கண்ணாடி, பூச்சாடி, திரைச்சீலை, தரைவிரிப்பு. இரண்டு படி ஏறிப் பின்கட்டுக்குப் போனால் ஆளை அழகுபடுத்தும் சமாசாரங்கள்: சோப்பு, முகப்பூச்சு, தைலம், வாசனை மெழுகுவர்த்தி. முன்கட்டு பெரியவளின் ராஜ்ஜியம், பின்கட்டு சின்னவளுடையது. மாடியில் இருந்த சின்ன வீட்டில், கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்த நாளிலிருந்து சின்னவள் தனியாகக் குடியிருந்தாள். பெரியவள் கணவரோடு அடுத்த தெருவில்.

பெரியவளின் கண் அப்படிப்பட்ட கண். ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே, "அந்த நாற்காலியத் தூக்கி வெளிய போடுங்க, அறை மூச்சு விடும்" என்பாள். வீட்டுக்காரர் முறைப்பார். நாற்காலி வெளியே போகும். அறை மூச்சு விடும். சின்னவளின் மூக்கு அதற்கும் ஒரு படி மேல். கடைக்கு வருகிறவரின் கைப்பையை வைத்தே, "வீட்டுல புதுசா பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டு அசர வைப்பாள். எந்தத் தைலத்தோடு எதைச் சேர்த்தால் கூடத்துக்கு ஆகும், எது படுக்கையறைக்கு ஆகும் என்பதெல்லாம் அவள் யாரிடமும் போய்ப் படித்ததில்லை.

"கண்ணு அக்காவோடது, மூக்கு என்னோடது. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் இருக்கு, அதான் சண்டை" என்று அவளே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தைல பாட்டில்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே கரும்பழுப்பு. வெளிச்சம் பட்டால் தைலம் கெட்டுவிடும் என்பதற்காக அப்படி. உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல இரண்டே வழி: ஒன்று மூடியைத் திறந்து முகர வேண்டும், இல்லை, மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். லேபிள் எழுதுவது பெரியவள். கறுப்புத்தாளில் வெள்ளை மையால், முத்து முத்தாக எழுதுவாள். அந்தக் கையெழுத்துக்காகவே காலி பாட்டிலைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருப்பவர்கள் உண்டு.

சென்ட் விஷயத்தைப் பெரியவள் கணவரிடம் சொன்னாள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பிரேக்கை எப்போது மிதிப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தும் தன் மனைவியிடம் மட்டும் அது பலித்ததில்லை.

"அவ என்ன பச்சைக் குழந்தையா? சென்ட் போட்டா போட்டுட்டுப் போறா."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து மேல போறேன், பால் பொங்கி அடிப்பிடிச்சு, வீடு பூரா தீய்ஞ்ச நாத்தம். இவ பக்கத்துலயே உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டிருக்கா. அடுப்புக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. அப்படி என்ன நினைப்பு?"

"நேராக் கேட்டுடேன்."

"கேட்டா உடனே சொல்லிடுவாளாக்கும்! கள்ளி."

கணவர் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதற்கு 'நான் இல்லை' என்று அர்த்தம்.

சந்தேகம் இருக்கிறதே, அதற்கு ஒரு கெட்ட குணம். ஒரு தடவை இடம் கொடுத்துவிட்டால் தினமும் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும். பெரியவள் தங்கையைக் கவனிக்க ஆரம்பித்தாள். முன்கட்டில் பூச்சாடிகளை இடம் மாற்றுவதுபோல் நின்றுகொண்டு, எதிரில் மாட்டியிருந்த பெரிய நிலைக்கண்ணாடியில் பின்கட்டைப் பார்ப்பாள். கண்ணாடி விற்கிற கடையில் உளவு பார்ப்பதற்கா கஷ்டம்?

பார்த்த வரைக்கும் நன்றாக இல்லை. முன்பெல்லாம் யாராவது வந்து, "ஹாலுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க" என்றால், சின்னவள் பாட்டிலைத் திறந்து கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து, "இது வேண்டாம், உங்க வீட்டுல வெயில் அதிகம், திகட்டும். இத எடுத்துக்கோங்க" என்பாள். வந்தவர்கள் அந்த மூச்சுக்காகத்தானே வந்தார்கள்! இப்போதோ லேபிளைப் படிக்கிறாள், பாட்டிலை அப்படியே நீட்டுகிறாள். "நீங்களே மோந்து பாருங்க. உங்களுக்கு என்ன தோணுது?" அவர்கள் ஏதோ சொல்வார்கள். "அதேதான், அதேதான்" என்று தலையை ஆட்டுவாள். ஏனோதானோ என்று வேலை செய்கிறவளின் லட்சணம் இதுதான், வேறென்ன? மழைக்காலத்தில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தாளே, அதிலிருந்தே ஆள் ஒரு மாதிரிதான் என்று பெரியவள் கணக்குப் போட்டாள். படுத்துக்கொண்டு யாரோடு போனில் பேசினாளோ, யார் கண்டது.

போதாக்குறைக்கு, மத்தியானம் கூட்டம் குறைந்ததும், "அக்கா, ஒரு வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவாள். என்ன வேலை என்று கேட்டால் ஒரு நாள் தையல்காரரிடம், ஒரு நாள் சிநேகிதி வீட்டில். தைக்கக் கொடுத்த துணி ஒன்றும் வீடு வந்து சேரவில்லை.

ஒரு மத்தியானம் பெரியவள் பின்னாலேயே போனாள். கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனாள்; அவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டது.

சின்னவள் தையல்காரரிடம் போகவில்லை. பெரிய சாலையைக் கடந்து, அடுக்கடுக்காகக் கண்ணாடி போட்டு எழுந்திருந்த புதுக் கடைக்குள் நுழைந்தாள். இவர்கள் விற்கும் அதே சாமான்களை இவர்களைப்போல் பத்து மடங்கு வைத்து விற்கும் கடை. அது திறந்த நாளிலிருந்து அக்காவும் தங்கையும் சேர்ந்து அதைத் திட்டாத நாள் கிடையாது. 'கண்ணாடி மாளிகை' என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்ததே சின்னவள்தான்.

வெளியே நடைபாதையில் நின்று பெரியவள் பார்த்தாள். உள்ளே மெழுகுவர்த்தி மேடைக்கு முன்னால் சின்னவள் நின்றாள். ஒரு ஜாடியைத் திறந்தாள், மூக்கில் வைத்தாள், கண்ணை மூடி நெடுநேரம் இழுத்தாள். மூடினாள். அடுத்தது. அதற்கும் அடுத்தது. பிறகு மறுபடியும் முதல் ஜாடி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ கேட்டார். மானேஜராகத்தான் இருக்க வேண்டும். சின்னவள் பதில் சொன்னாள். அவர் பணிவாகத் தலையாட்டி இன்னொரு ஜாடியை எடுத்து நீட்டினார்.

பெரியவளுக்குக் கால் பரபரத்தது, உள்ளே போய் மயிரைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் போல. அடிப் பாவி! நம் கடையில் லேபிளைப் படிக்கிறாய், அங்கே போய் மூக்கை விற்கிறாயா? அப்போது இந்தச் சென்ட், இந்த ஓட்டம், இந்தப் பொய் எல்லாம் இதற்குத்தானா? அவள் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. கடை போனால் போகட்டும். அம்மா போன பிறகு தன் கையால் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப் போன தங்கை, ஒரு வார்த்தை சொல்லாமல் எதிராளி வாசலில் போய் நிற்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைக்கு இன்னொரு மூக்கைத் தேடலாம். இன்னொரு தங்கைக்கு எங்கே போவது?

சாயங்காலம் சின்னவள் வந்ததும் பெரியவள் பூனை மாதிரி கேட்டாள். "எங்க போயிருந்த?"

"தையக்காரர்கிட்டதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று பெரியவள் மனசுக்குள் பல்லைக் கடித்தாள். வெளியே, "ஓ, சரி" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் 'கண்டுபிடிப்பு' வருவதாகச் செய்தி வந்தது. நகரத்தில் எந்தக் கடையில் எது அழகாகக் கிடைக்கும் என்று வீடியோ போடுகிற பெண். ஒவ்வொரு வீடியோவையும் "இன்னிக்கு என் கண்டுபிடிப்பு என்ன தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள், அதனால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் ஒரு கடையைக் காட்டினால் மறுநாள் அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. அவள் வந்து, படுக்கையறைக்கான லாவெண்டர் மெழுகுவர்த்தியைத்தான் காட்டப் போகிறாளாம். சின்னவளின் கைராசிப் பண்டம் அது.

பெரியவள் யோசித்தாள். யோசித்ததில் ஒரு தந்திரம் தோன்றியது. ஐயோ, அது மட்டும் அன்றைக்குத் தோன்றாமல் இருந்திருக்கக் கூடாதா!

இவள் மனசு இன்னும் நம் கடையில்தான் இருக்கிறதா, இல்லை அங்கே போய்விட்டதா என்று பார்த்துவிடுவது. லாவெண்டர் பாட்டிலின் லேபிளை உரித்து யூகலிப்டஸ் பாட்டிலில் ஒட்ட வேண்டும். யூகலிப்டஸ் லேபிளை லாவெண்டரில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒன்று மனசை அமர்த்தும் பூ வாசனை, மற்றது சளிக்கு நெஞ்சில் தேய்க்கும் தைல நெடி. மூடியைத் திறந்த மாத்திரத்தில் குழந்தைகூடச் சொல்லிவிடும். சின்னவள் சொல்லாமல் இருப்பாளா? மனசு இங்கே இருந்தால், "யாரு இது, மாத்தி ஒட்டினது?" என்று கடை இரண்டுபடக் கத்துவாள். கத்தினால் கட்டிக்கொள்ளலாம். கத்தாவிட்டால், தெரிந்தே நம் பெயரைக் கெடுக்கிறாள் என்று அர்த்தம்.

மத்தியானம் அவள் 'தையல்காரரிடம்' போன நேரத்தில் பெரியவள் மாற்றி ஒட்டினாள். ஆவி காட்டி உரித்து, ஓரம் கிழியாமல், நேராக ஒட்டினாள். வேலையில் சுத்தம் என்றால் அவளைக் கேட்க வேண்டும்.

மறுநாள் சின்னவள் பின்கட்டில் மெழுகை உருக்கினாள். பெரியவள் கண்ணாடிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கத்தல் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பின்கட்டிலிருந்து நெடி கிளம்பிப் படியிறங்கி முன்கட்டுத் திரைச்சீலை வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. பெரியவள் மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தாள். அந்த நெடிக்கு நடுவில் நின்றுகொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, சின்னவள் ஒவ்வொரு ஜாடியிலும் 'லாவெண்டர்' சீட்டை அழகாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் படியேறி அவள் எதிரில் போய் நின்றாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"எல்லாம் சரியா வந்திருக்கா?" என்று கேட்டாள். கடைசியாக ஒரு வாய்ப்பு.

சின்னவள் ஒரு ஜாடியை எடுத்து மூக்கருகே வைத்துச் சிரித்தாள். "இந்தத் தடவை ரொம்ப நல்லா வந்திருக்கு அக்கா."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். மூக்கைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தையும் இல்லை. பெரியவளும் தீர விசாரிக்கிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கேமரா முன்னாடி நம்ம பேரக் கெடுத்துட்டு, அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கப் போறா. பார்த்துக்கிட்டே இருங்க. நாளைக்கு அவ மூக்கு உடையத்தான் போகுது."

"நீதானேடி லேபிள மாத்தின?"

"அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த மூக்குக்கு?"

"எதுக்கும் ஒரு வார்த்தை கேளு."

"கேக்கத் தேவையில்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் பெரியவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; அதை எடுத்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு முன்னேற்பாடு மட்டும் அவள் செய்துவைத்திருந்தாள். பழைய லாவெண்டர் ஜாடி ஒன்றை எடுத்து, கல்லா மேசைக்குக் கீழே துணியில் சுற்றி வைத்தாள். தங்கை மாட்டிக்கொண்டதும், "மன்னிச்சுக்கோங்க, மாறிப்போச்சு" என்று அதை எடுத்து நீட்டினால் கடைப் பெயர் தப்பிக்கும். யார் எப்படி என்பதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

கண்டுபிடிப்பு காலையிலேயே வந்தாள். சிரித்த முகம், சிவப்புக் கண்ணாடிச் சட்டம், கூடவே கேமரா பிடிக்க ஒரு பெண். முன்கட்டைப் பார்த்து அசந்து போனாள். ஒரு மூலை முழுக்க வெறுமையாக விட்டு, அதில் ஒற்றை விளக்கை மட்டும் வைத்திருந்த பெரியவளின் கைவண்ணத்தை ஐந்தாறு கோணத்தில் படம் எடுத்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் பெரியவளுக்குத் தலைகால் புரிந்திருக்காது. அன்றைக்கு அவள் கண் பின்கட்டை விட்டு அகலவில்லை. தெருவில் போனவர்களும் நாலு பேர் உள்ளே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப உங்க வாசனை ராணியக் கூப்பிடுங்க" என்றாள் கண்டுபிடிப்பு.

சின்னவள் வந்தாள். நல்ல சேலை, நெற்றியில் வேர்வை. ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "இது படுக்கையறைக்குன்னே செஞ்சது. லாவெண்டர். பகல் பூரா அலைஞ்சுட்டு வர்றவங்களுக்கு, பக்கத்துல யாரோ மெதுவாப் பேசுற மாதிரி இருக்கும். மோந்து பாருங்க."

கண்டுபிடிப்பு மூடியைத் திறந்து ஆசையாக மூக்கை வைத்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னங்க, எனக்குச் சளி பிடிச்சிருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

வேடிக்கை பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேமரா பிடித்த பெண்ணும் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள், என்ன வேடிக்கை என்று தெரியாமலே. ஜாடியை வாங்கி, அவள் வழக்கம்போல் கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். எல்லோருக்கும் எதிரில், அந்த நெடியை, புன்னகையோடு.

"லாவெண்டர்தாங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் காணாமல் போன பிள்ளை தாயைத் தேடுகிற மாதிரி, அவள் கண் பெரியவளைத் தேடிப் பிடித்தது.

"அக்கா, நீ சொல்லு. இது லாவெண்டர்தானே?"

மேசைக்குக் கீழே துணியில் சுற்றிய ஜாடி காலடியிலேயே இருந்தது. பெரியவள் குனியவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் ஊறிய விஷம் நாக்குக்கு வந்துவிட்டது.

"மூக்கு உன்னோடதுதானே? நீயே சொல்லு."

சின்னவள் ஜாடியை மேசையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

கண்டுபிடிப்பு கேமராவைக் கையால் மறைத்தாள். "நிறுத்து, நிறுத்து. இத நான் போட மாட்டேன்." பிறகு பெரியவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "அவங்களுக்கு வாசனையே தெரியலையா? சமீபத்துல காய்ச்சல் ஏதாவது வந்துச்சா? எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு. காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. மாசக்கணக்கா எங்ககிட்டகூடச் சொல்லல பாவம். டாக்டர்தான் தினமும் நாலஞ்சு வாசனைய விடாம மோந்து பழகச் சொன்னார். நீங்க கூடவே இருக்கீங்களே, கவனிக்கலையா?"

கவனிக்கவில்லையா! கண்ணாடியில் பார்த்தாள், பின்னாலேயே போனாள், நடைபாதையில் நின்று பார்த்தாள். இவளைவிட யார் கவனித்தது? வந்து கால் மணி நேரம் ஆகாத ஒருத்தி சொன்னது இவள் புத்தியில் ஒரு நாளும் உறைக்கவில்லையே! தீய்ந்த பால், கவிழ்த்த சென்ட், "உங்களுக்கு என்ன தோணுது?", அந்தக் கடையில் ஜாடி ஜாடியாக முகர்ந்த முகம். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கன்னத்தில் அறைந்தன. வந்தவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினாள் என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை.

மாடியில் சின்னவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் பெரியவள்.

"காய்ச்சல்ல இருந்து. காபி குடிச்சா சுடுதண்ணி மாதிரி இருக்கு. தீய்ஞ்சாலும் தெரியல, அழுகினாலும் தெரியல. டாக்டர் திரும்ப வரும்னும் சொல்றார், வராமலும் போகலாம்னும் சொல்றார். தினமும் மோந்து பழகச் சொன்னார். நம்ம கடையில செஞ்சா உனக்குத் தெரிஞ்சுடும். அதான் அந்தக் கண்ணாடி மாளிகையில போய்... அங்க ஒருத்தர் நல்ல மாதிரி. எதுவும் வாங்காட்டியும் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பார்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"என்னன்னு சொல்றது? கண்ணு உன்னோடது, மூக்கு என்னோடது. மூக்கு இல்லாத நான் இங்க எதுக்கு?"

பெரியவள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சின்னவளே தொடர்ந்தாள். "எப்படியோ சமாளிச்சுடலாம்னுதான் நினைச்சேன். உன் லேபிள் இருக்கே! மூக்கு போனப்புறம் உன் கையெழுத்துதான் எனக்கு மூக்கு. ஆனா நேத்து என்ன ஆச்சுன்னுதான் புரியல அக்கா. லாவெண்டர்னு எழுதியிருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன்." அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப, கண்ணும் போயிடுச்சா எனக்கு?"

தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாள். தன் புத்தியைச் சந்தேகப்படுகிறாள். அக்காவை மட்டும் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரியவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, "ஏதோ மாறிப்போச்சு, விடு" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு அப்படிப் புரளவும் பார்த்தது. ஆனால் இவள் நாளைக்கும் தன் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாளே!

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் லேபிள மாத்தி ஒட்டினேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? எதுக்கு?"

"உன்ன அந்தக் கடையில பார்த்தேன். நீ என்ன விட்டுட்டு அங்க போகப் போறேன்னு நினைச்சேன். சோதிச்சுப் பார்க்கலாம்னு..."

சின்னவள் கத்தவில்லை, திட்டவில்லை. வாய்ச்சண்டைக்குப் பேர்போன அந்த வீட்டில் அவள் ஒரு சின்னக் குரலில், "என்னக் கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். சின்னவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் கடையை விட்டுப் போகவில்லை. பெரியவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கவில்லை. மறுநாளே பின்கட்டில் வந்து நின்றாள். வாடிக்கையாளர்களிடம், "எனக்கு இப்போதைக்கு வாசனை தெரியாதுங்க, காய்ச்சல்ல போயிடுச்சு" என்று வெளிப்படையாகச் சொன்னாள். முகர்ந்து பழகும் வேலையையும் கடையிலேயே, எல்லோர் எதிரிலும் செய்தாள். மத்தியானங்களில் பெரியவளும் கூட உட்கார்ந்து, "இப்ப ஏதாவது தெரியுதா?" என்று கேட்பாள். "இல்ல" என்பாள் சின்னவள். பேச்சில் குறை ஒன்றும் இல்லை; சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பெரியவள் எல்லா லேபிளையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் தானே மூன்று தரம் முகர்ந்து பார்த்து, புதிதாக, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். இதுவரை எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான்.

ஒரு நாள் புதுக்குடித்தனம் போகிற ஒருவர் வந்தார். படுக்கையறைக்கு லாவெண்டர் தைலம் வேண்டும் என்றார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

சின்னவள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். லேபிளைப் படித்தாள். படித்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பாமல், மூடியைத் திறந்து அந்த முன்பின் தெரியாதவரிடம் நீட்டினாள்.

"இது லாவெண்டரான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அவர் முகர்ந்து பார்த்து, "ஆமாங்க, லாவெண்டர்தான்" என்றார்.

"சரிங்க" என்று சொல்லி, சின்னவள் அதை மூடிப் பையில் போட்டாள்.